கூலி வேறு, ஸதகா வேறு

ஹஜ்ஜுப் பெருநாள் தொடர்பான ஒரு சட்டம் நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். குர்பானிப் பிராணியை அறுத்து உரித்தவருக்கு அதன் தோலைக் கூலியாகக் கொடுத்தல் கூடாது. கூலியை நம் கைப்பணத்திலிருந்து தனியே கொடுக்க வேண்டும். தோலோ மதரஸாவுக்கு அல்லது ஏழைக்கு ஸதகாவாகப் போக வேண்டும். தம் குர்பானி ஒட்டகங்களைக் கவனிக்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தபோது நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை இது. ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. உரித்தவர் ஏழையாகவே இருக்கலாம், தோலுக்கு அவரைவிடத் தகுதியானவர் அந்தத் தெருவிலேயே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானாலும் முதலில் அவருடைய கூலியை முழுமையாகத் தீர்த்துவிட்டு, அதன் பின்னரே தர்மத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தச் சட்டத்தை நாம் வாசற்படி வரை மிகக் கவனமாகப் பேணுகிறோம். மதரஸாவின் வண்டி வந்து தோலை ஏற்றிக்கொண்டு போனதும் நம் கவனம் முடிந்துவிடுகிறது. அந்தத் தோல் எங்கே போகிறது, யார் கைகளைக் கடக்கிறது, அந்தக் கைகளுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் மற்றெவரையும்விட நமக்கே அதிகம். ஏனெனில், தமிழகத்துத் தோல் வணிகத்தில் நம் சமுதாயம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முதலாளியாகவும் தரகராகவும் தொழிலாளியாகவும் இருந்துவருகிறது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் இருந்து வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை, உருது பேசுவோரும் தமிழ் பேசுவோருமாக நம்மவர் இல்லாத கண்ணி இந்தச் சங்கிலியில் ஒன்றும் இல்லை.

உப்பிட்ட பச்சைத்தோல் மண்டியிலிருந்து டேனரிக்குப் போகிறது. சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் ஊறிப் பதமாகிச் சாயமேறிக் காலணித் தொழிற்சாலைக்கு வருகிறது. அங்கே வெட்டப்படுகிறது. இதுவரை எல்லாம் கூரையின் கீழ், கணக்கின் கீழ் நடக்கிறது. இதன் பிறகு சில வகைக் காலணிகளுக்கு ஒரு திருப்பம் உண்டு. காலணியின் மேற்பகுதியை, தொழிலில் ‘அப்பர்’ எனப்படுவதை, ஊசியும் நூலும் கொண்டு கையால் தைக்க வேண்டும். அந்தக் கைத்தையல் பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் நடப்பதில்லை. வெட்டிய துண்டுகள் பைகளில் கட்டப்பட்டு ஏஜெண்டிடம் போகின்றன. அவர் அவற்றைத் தெருத்தெருவாக வீடுகளுக்குக் கொடுக்கிறார். ஆம்பூரையும் அதன் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த பெண்கள், முஸ்லிம்களும் தலித்துகளுமாக, வாசலில் அமர்ந்து தைக்கிறார்கள். தைத்த மேற்பகுதிகள் ஏஜெண்ட் வழியாகவே தொழிற்சாலைக்குத் திரும்பி, அடிப்பகுதி ஒட்டப்பெற்று, பெட்டியில் அடங்கி, ஐரோப்பியக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளுக்குச் செல்கின்றன.

கூலி ஜோடிக் கணக்கில், ஒரு ஜோடிக்குச் சில ரூபாய் என்பதாக இருக்கிறது. தடித்த தோலில் ஊசியை ஏற்றி நூலை இழுத்து இறுக்கும் வேலை விரல்களைக் கிழிக்கும். குனிந்தே இருப்பதால் முதுகும், உற்றுப் பார்ப்பதால் கண்ணும் கெடும். வருங்கால வைப்பு நிதி இல்லை, இ.எஸ்.ஐ. மருத்துவமனை இல்லை, விடுப்பு இல்லை. தையல் கோணினால் கூலியில் பிடித்தம் உண்டு. வேலை வராத வாரத்துக்கு ஒன்றும் இல்லை. தான் தைத்த காலணி எந்தப் பெயரில், எந்த விலைக்கு விற்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தொழிற்சாலையின் சம்பளப் பதிவேட்டிலும் அவள் பெயர் இல்லை. இருபது ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் காலணிகளைத் தைத்தவளாக இருந்தாலும், அந்த நிறுவனத்தின் ஏடுகளைப் பொறுத்தவரை அவள் பிறக்கவே இல்லை.

இதைப் பற்றிக் கேட்டால் நம் வணிகர்கள் சொல்லும் விடை ஒன்றே. “வேலையை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டோம், பேசிய தொகையையும் அவரிடம் கொடுத்துவிட்டோம். அவர் யாரிடம் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவர் பாடு.” இவ்வாறு சொல்பவர் தீயவர் அல்லர். ஐவேளைத் தொழுகையாளியாகவும் ஹாஜியாகவும் இருப்பவர்தாம். தாம் யாருடைய கூலியையும் பிடித்து வைத்ததில்லை என்று மனமார நம்புகிறார். வேலையை வெளியே கொடுக்கும்போது பொறுப்பும் அதனுடன் பையில் கட்டப்பட்டுப் போய்விடுகிறது என்பது அவருடைய எண்ணம். இந்த எண்ணத்தையே நாம் மறுக்கிறோம்.

மதீனாச் சந்தையின் தானியக் குவியலை நினைவுகூர்வோம். நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. காரணம் கேட்கப்பட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அது பொய் அல்ல. மழையை அவர் வரவழைக்கவும் இல்லை. ஆயினும் அந்த விடை ஏற்கப்படவில்லை. நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைக்காமல் அடியில் வைத்தது ஏன் என்பதே அடுத்த கேள்வியாக இருந்தது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கடும் எச்சரிக்கை அங்கே பிறந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இச்செய்தியை ஜும்ஆ மேடைகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் கலப்படம் செய்யும் மளிகைக் கடைக்காரருக்கான உபதேசமாகவே அது சொல்லப்படுகிறது. இன்றைய ஏற்றுமதி வணிகத்தின் அமைப்பே அந்தக் குவியல்தான் என்று சொல்லும் கதீப் அரிதாகவே இருக்கிறார். மேலே உலர்ந்த தானியம் இருக்கிறது: வாங்குவோரின் ஆய்வாளருக்குக் காட்டப்படும் வெளிச்சமான தையல் கூடம், தீயணைப்புக் கருவி, சுவரில் ஒட்டிய குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு. அடியில் ஈரம் இருக்கிறது: ஏஜெண்டின் பையும் வாசலில் தைக்கும் பெண்ணும். “ஏஜெண்ட் கொடுக்கவில்லை” என்பது இன்றைய “மழை பெய்தது.”

நாட்டின் சட்டத்தைக் காட்டித் தப்ப முயல்வோர்க்கும் ஒரு சொல். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே அதைக் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. வெளியே கொடுத்தாலும் பொறுப்பு போகாது என்ற நீதியை அது ஒப்புக்கொண்டது. ஆனால் அதே சட்டம், பொருளை வாங்கிச் சென்று தன் வீட்டில் வைத்துச் செய்து தருபவரைத் ‘தொழிலாளி’ என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்தது. ஆம்பூர்ப் பெண் நிற்கும் இடம் சரியாக அந்த ஓட்டை. வீட்டிலிருந்து உழைப்போருக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை இயற்றியது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆகவே சட்டம் நம்மைப் பிடிக்காது என்று வணிகர் சொல்வாரானால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், ஒருவரை வேலைக்கு அமர்த்தி, வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் அறிவிக்கும் நபிமொழியில், வேலை தொழிற்சாலைக்குள் நடந்ததா வீட்டு வாசலில் நடந்ததா என்ற பிரிவு இல்லை.

இன்னொரு வாதம் நம்மிடையே மரியாதையாக உலவுகிறது. நம் பெண்கள் வெளியே போகாமல், பர்தாவைப் பேணிக்கொண்டு, பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே நாலு காசு சம்பாதிக்க இது வழி செய்கிறதே என்பார்கள். செய்கிறதுதான். வீட்டில் இருந்து உழைப்பதை நாம் குறை கூறவில்லை. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறாததால் அவளுடைய தையல் மலிவாகிவிட்டது எப்படி என்றே கேட்கிறோம். அவள் வீட்டு மின்சாரமும், அவள் வீட்டு இடமும், சில நேரங்களில் அவள் வாங்கிய ஊசியும் அந்தக் காலணிக்குள் போகின்றன. முதலாளிக்குக் கூடத்தின் வாடகை மிச்சம், விளக்கின் செலவு மிச்சம். நியாயப்படி வீட்டுத் தையலுக்குத் தொழிற்சாலைத் தையலைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுப்பதற்கு மார்க்கத்தின் பேணுதலைக் காரணமாக்குவது, பர்தாவுக்கு அவளிடமே அபராதம் வசூலிப்பதாகும்.

கூலியின் அளவு மட்டுமன்று, அது வந்து சேரும் நாளும் ஒரு கேள்வி. இந்தச் சங்கிலியில் சரக்கு மேலே போகும், பணம் மெதுவாகக் கீழே இறங்கும். வெளிநாட்டு வணிகர் ஏற்றுமதியாளருக்கு 60 நாள், 90 நாள் தவணை சொல்கிறார். ஏற்றுமதியாளர் அதைத் தம் கணக்கில் தாங்குவதில்லை. சிறு ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் மீது இறக்குகிறார். பட்டறைக்காரர் ஏஜெண்ட் மீதும், ஏஜெண்ட் அந்தப் பெண் மீதும் இறக்குகிறார்கள். ஐரோப்பாவின் பெருங்கடைக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவள், கடைசியில், அடுத்த வாரத்து அரிசிக்குக் காத்திருப்பவளாக இருக்கிறாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நம்மவர் உள்பட எவரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்று வருமான வரியில் கை வைத்த பிறகே பலருக்கு 45 என்ற எண் நினைவுக்கு வந்தது. வசதியுள்ளவன் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்ற நபிமொழி வருமான வரித்துறைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம் கையில் இருந்தது என்பதை எண்ணும்போது வெட்கமாகவே இருக்கிறது.

குகையில் சிக்கிய மூவரின் வரலாற்றை அறியாதவர் நம்மில் குறைவு. மூன்றாமவர் தம்மிடம் கூலி வாங்காமல் போன ஒருவரின் தானியத்தை விதைத்துப் பெருக்கினார். அது கால்நடைகளாகப் பெருகி நின்றபோது, திரும்பி வந்த அந்தத் தொழிலாளியிடம் அத்தனையையும் ஒப்படைத்தார். நம்மிடம் தங்கிய கூலி நமக்கு ஈட்டித் தந்ததும் தொழிலாளிக்கே என்ற அளவுக்கு அவருடைய பேணுதல் இருந்தது. 90 நாள் நம் கணக்கில் தங்கிய கூலி நமக்கு எவ்வளவு ஈட்டித் தந்தது என்று நாம் கணக்கிட்டதுண்டா?

நாம் இப்படிச் செய்யாவிட்டால் ஆர்டர் வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் போய்விடும் என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருப்பதால் இதை எளிதில் தள்ள இயலாது. விலையைக் குறைத்துக்கொண்டே போகும் வாங்குவோர், தம் நாட்டில் நீதி பேசிக்கொண்டு நம்மிடம் அநீதியை ஆர்டர் செய்கிறார்கள். ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தம் நேரடி விற்பனையாளரைப் பற்றிய கடமையைப் பெருநிறுவனங்கள் மீது அது சுமத்தியது. அதற்கும் கீழே உள்ள கண்ணிகளைப் பற்றியோ, மீறல் நடப்பதற்கான ஆதாரத்துடன் தகவல் வந்தால்தான் ஆராய வேண்டும் என்றது. தகவல் வராத வரை அங்கும் குவியலின் அடியைத் தொட வேண்டியதில்லை.

அவர்களுடைய சான்றிதழ்களின் பெறுமதியையும் நம் அண்டை நாட்டில் பார்த்துவிட்டோம். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் பல்தியா நகரில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலத் தரச் சான்று வழங்கப்பட்டிருந்தது. அது திட்டமிட்டு வைக்கப்பட்ட தீ என்று 2020இல் பாகிஸ்தான் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அப்படியே ஆகட்டும். தீ எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்ததும் சன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்ததும் ஏன் என்பது வேறொரு கேள்வி. மழை, ஈரம் என்ற அதே பிரிவினைதான். அங்கிருந்து பெரும்பகுதிச் சரக்கை வாங்கிய ஜெர்மானிய நிறுவனமான கிக், நான்கு ஆண்டுகள் கழித்து, 2016இல், 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர இணங்கியது. பாதிக்கப்பட்டோர் ஜெர்மனியில் தொடுத்த வழக்கோ, காலக்கெடு கடந்துவிட்டதென 2019இல் தள்ளுபடியாயிற்று.

ஆகவே ஐரோப்பாவின் மனச்சாட்சியை நம்பி இருக்க வேண்டாம். அதேவேளை, ஐரோப்பாவின் பேராசையைக் காட்டி நம் கடமையைத் துறக்கவும் வேண்டாம். மேலே உள்ளவன் நம்மை நசுக்குகிறான் என்பதால் கீழே உள்ளவரை நசுக்கும் அனுமதி நமக்குக் கிடைத்துவிடாது. ஒரு ஜோடிக்கு இரண்டு ரூபாய் கூட்டினால் ஆர்டர் போய்விடும் என்று அஞ்சும் அதே வணிகர்கள், டாலர் மதிப்பு ஏறும் நாள்களில் அந்த ஏற்றத்தில் ஒரு பைசாவையேனும் வாசல் வரை அனுப்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்தத் தொழிலின் கழிவையும் நாம் வெளியேதான் கொடுத்தோம். முதலில் பாலாற்றுக்குக் கொடுத்தோம். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்து, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்த வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பிழைப்பின் பெயரால் எழுதப்பட்ட தீர்ப்பு அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது.

பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவை அங்கே அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று மறுபடியும் நிம்மதியடைந்தோம். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டின் அத்தகைய நிலையம் ஒன்றில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கசட்டில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவு வெளியே கொடுக்கப்பட்டது. உழைப்பு வெளியூரிலிருந்து வாங்கப்பட்டது. இரண்டும் ஒரு விடியலில் ஒரே சுவரின் கீழ் சந்தித்தன.

இனி, சொல்லத் தயங்குவதையும் சொல்லிவிடுவோம். நம் தோல் வணிகர்களின் கொடைத்தன்மையை மறப்பவன் நன்றி கெட்டவன். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழகமெங்கும் இருக்கிறார்கள். மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் கட்டித் தந்த சித்தீக் சராயில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, தலைமுறை தலைமுறையாகப் பயணிகள் தலைசாய்த்திருக்கிறார்கள். ரமலானில் ஓடும் நோன்புக் கஞ்சியும், மதரஸாக்களின் கூரையும், ஏழைப் பெண்களின் திருமணச் செலவும் அந்தக் கைகளிலிருந்தே வருகின்றன. நாமும் அவற்றை உண்டு வளர்ந்த சமுதாயம்தான்.

ஆயினும், ரமலான் 27ஆம் இரவில் ஜக்காத்துப் பணம் பெற வரிசையில் நிற்கும் பெண்களுள், அதே வணிகரின் காலணியைத் தைக்கும் பெண்ணும் நிற்கிறாள். அவளுக்குக் கூலியாக வந்திருக்க வேண்டிய பணம், ஓராண்டு கழித்து, ஒரு சேலையுடன் சேர்த்து, தர்மமாக வருகிறது. அவள் துஆச் செய்துவிட்டுப் போகிறாள். அறுத்தவருக்குத் தோலைக் கொடுத்துக் கணக்கை முடிக்காதே என்ற கட்டளை தடுத்தது இதைத்தான். கூலியை ஸதகாவுக்குள் ஒளித்தால் உழைத்தவர் யாசிப்பவராகிவிடுகிறார். கொடுக்க வேண்டியவர் வள்ளலாகிவிடுகிறார். ஹலால் முத்திரை இல்லாத பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கும் நம் வீடுகளில் இது ஒரு பேச்சாகக்கூட எழவில்லை.

வணிகர்களைக் குற்றம் சாட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் இடமில்லை. இந்தச் சங்கிலி செயல்படும் ஊர்களில் மஹல்லா ஜமாஅத்துகளுக்கு எந்தத் தெருவில் எந்த ஏஜெண்ட் வேலை கொடுக்கிறார் என்பது தெரியும். ஏஜெண்டும் பெரும்பாலும் அதே பள்ளிவாசலில் தொழுபவர். நிக்காஹ் பதிவேட்டைப் பிழையின்றி எழுதத் தெரிந்த ஜமாஅத்துக்கு, வீட்டில் தைக்கும் பெண்களின் பதிவேடு ஒன்றை எழுதுவது கடினமன்று. ஜோடிக் கூலி எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜோடி தைக்க இயலும், அது அரசின் குறைந்தபட்சக் கூலிக்கு எட்டுகிறதா என்று கணக்கிட மதரஸாவின் ஒரு மாணவர் போதும். பிடித்தம் செய்யப்பட்ட கூலிக்காக ஒரு பெண் முறையிட்டால், வரதட்சிணைத் தகராறை விசாரிப்பது போல அதையும் விசாரிக்க நாட்டாண்மைகள் முன்வர வேண்டும்.

வணிகர்களிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. ஏஜெண்டுக்குக் கொடுக்கும் தொகையில் தையல்காரிக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வைக்கட்டும். சரக்கு வந்த வாரமே கூலி போய்ச் சேரட்டும். வெளிநாட்டுத் தவணையை வங்கியிடமோ வாங்குவோரிடமோ வாதாடிக்கொள்ளட்டும். வாங்குவோரின் ஆய்வாளர் வரும்போது தையல் கூடத்தை மட்டுமன்றி அந்தத் தெருவையும் காட்டட்டும். காட்டினால் ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சம் இருந்தால், விலையை உயர்த்திக் கேட்பதற்கு அந்தத் தெருவே அவருடைய ஆதாரம்.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் குர்பானித் தோல் சேகரிப்புக்கான அறிவிப்பு பள்ளிவாசல் பலகைகளில் ஒட்டப்படும்போது, அதன் பக்கத்தில் இன்னொரு தாளும் ஒட்டப்பட வேண்டும்: அந்த மஹல்லாவில் அப்பர் தைக்கக் கொடுக்கும் ஏஜெண்டின் பெயர், எந்தத் தொழிற்சாலைக்காகக் கொடுக்கிறார், ஜோடிக்கு எவ்வளவு, எந்தக் கிழமையில் கூலி. தமிழிலும் உருதுவிலும், பெண்கள் நுழையும் வாசலின் பக்கமாக.